பரிசோதனை மேசையின் ஏழாவது வரி

இந்த ஆண்டிலிருந்து ரோபோ போட்டியில் பரிசோதனை மேசை கிடையாதாம். பிள்ளைகள் தாங்கள் செய்த ரோபோவை நாலு பக்கமும் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டால் போதும். எங்கோ உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துச் ‘சரி’ போட்டுவிடுவார்கள். என்னோடு மேசையில் நின்ற இளைஞர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து இந்தச் சேதியைச் சொன்னார்கள். “நீங்க பாத்தத எழுதிக் குடுங்க சார், நாங்க மேல அனுப்பி வைக்கிறோம்” என்றார்கள். மேலே இருப்பவர்கள் இதையெல்லாம் படிப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டுமே, எழுதுகிறேன்.

நான் எலெக்ட்ரீஷியன் பயிற்றுநர். சொந்த ஊர் கண்ணமங்கலம். வேலூரில் படித்தேன், ஆரணிப் பக்கம் சில வருடம் வேலை பார்த்தேன், கடைசிப் பன்னிரண்டு வருடம் ஜவ்வாது மலைமேல் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நான் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கினால் ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்: கை வைப்பதற்கு முன் மெயினை அணை. இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப் போனவன் நான். இதை இப்போதே சொல்லி வைப்பதற்குக் காரணம், பின்னால் நான் செய்த காரியம் எவ்வளவு கேவலமானது என்று படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான்.

பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டிக்கு என்னை இழுத்தது என் தொழில்தான். போளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடக்கிறது, பேட்டரி, ஒயர் எல்லாம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமைதானே என்று போனேன். அதன் பிறகு ஒன்பது வருடம் போனேன்.

போட்டியில் இரண்டு பிரிவு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்கள் பெரியவர்கள். ஆறிலிருந்து எட்டு வரை சின்னவர்கள். தரையில் சிதறிக் கிடக்கும் பந்துகளை ஒரு சின்ன வண்டி தானாக வாரியெடுத்துக் கூடையில் போட வேண்டும். களத்தில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு வண்டியும் பரிசோதனை மேசைக்கு வர வேண்டும். பெரியவர்களின் மேசையில் நிற்க ஆளாளுக்குப் போட்டி, ஏனென்றால் அங்கே வண்டிகள் பார்க்க நன்றாக இருக்கும், போட்டோவும் எடுப்பார்கள். சின்னவர்களின் மேசை யாருக்கும் வேண்டாம். அது எனக்கு வந்தது.

அந்த மேசைக்குத் தலைமை ஷாஹிதா மேடம். வாணியம்பாடிக்காரர், தோல் வியாபாரக் குடும்பம், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். முதல் நாள் அவரைப் பார்த்ததும், இந்தப் பெண்ணுக்கு நான் கைகட்டி நிற்க வேண்டுமா என்று ஒரு எண்ணம் வந்தது உண்மை. அந்த எண்ணம் மதியச் சாப்பாடு வரைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அவர் வேலை செய்யும் விதமே தனி. பிள்ளைகளின் சட்டையில் குத்தியிருக்கும் பள்ளிப் பெயர் அட்டைமேல் முதலில் ஒரு காகித டேப்பை ஒட்டுவார். எந்தப் பள்ளி என்று தெரிந்தால் நம் கண் மாறிவிடும் என்பார். மேசைக்குப் பின்னால் நிற்க மாட்டார். ஒரு முக்காலியைப் போட்டுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு உட்கார்ந்துகொள்வார். வண்டியைத் தன் கையால் தொடவே மாட்டார், எல்லாவற்றையும் பிள்ளையைக்கொண்டே செய்ய வைப்பார். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. முதல் நாள் நான் ஒரு பையனை நிற்க வைத்து, வகுப்பில் கேட்பதுபோல் அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

“சார், நீங்க உக்காருங்க. நாம நின்னுக்கிட்டுக் கேட்டா பிள்ளைங்க பயத்துல ஏதாவது ஒண்ணச் சொல்லிடும். அப்புறம் அத உண்மைன்னு நாம எழுதிக்குவோம்.”

உட்கார்ந்தேன். முட்டி வலித்தது. ஆனால் பையன் பேச ஆரம்பித்தான்.

இரண்டாம் வருடம் ஒரு நகரத்து அணி வந்தது. வண்டி கடையிலிருந்து அப்போதுதான் பிரித்ததுபோல் பளபளவென்று இருந்தது. கூடவே ஒரு அப்பாவும் வந்தார், கையில் பெரிய டூல் பாக்ஸ். “எல்லாம் எம்பையனே செஞ்சதுங்க, நான் சும்மா பக்கத்துல நின்னேன்” என்று யாரும் கேட்காமலே சொன்னார். சின்னவர்களின் போட்டியில் பெரியவர்கள் கை வைக்கக் கூடாது என்பது விதி. வைத்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று எந்த விதியிலும் இல்லை. ஷாஹிதா மேடம் அந்த அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. அணியிலேயே சின்னப் பையனைக் கூப்பிட்டார்.

“பேட்டா, இந்த ஒரு சக்கரத்த மட்டும் கழட்டிட்டு மறுபடி மாட்டிக் காட்டுறியா?”

பையன் சக்கரத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தான். அப்பா இடுப்புக்குப் பக்கத்தில் விரலைச் சுழற்றிக் காட்டினார். பையன் ஸ்பானரை எடுத்து நட்டைத் தப்பான பக்கம் முறுக்கினான்.

“ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டார் மேடம்.

“தெரியும் மிஸ்.”

“அப்ப ஓட்டு. கணக்குல சேராது. ஆனா நல்லா ஓட்டு.”

இப்படித்தான் காட்சி ஓட்டம் என்ற வழக்கம் எங்கள் மேசையில் வந்தது. தகுதி போன அணியையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம், களத்தில் ஒரு முறை ஓட்டவிடுவோம். பெரியவர்கள் செய்த தப்புக்குப் பிள்ளை ஏன் வண்டியைத் தொடாமல் போக வேண்டும் என்பது மேடத்தின் கட்சி.

அன்று டீ குடிக்கும்போது, இந்தச் சக்கரச் சோதனையை எல்லா அணிக்கும் வைத்துவிடலாம் என்று பேசினோம். பரிசோதனைப் படிவத்தில் பன்னிரண்டு வரிகள். முதலில் அளவு, எடை, கூர்முனை இப்படி. ஆறாவது வரியில் வண்டியை ஓட விட்டு, ரிமோட்டை விட்டதும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பதாவதில் பேட்டரியை வெளியே எடுத்து, உப்பியிருக்கிறதா, சூடு இருக்கிறதா என்று பார்த்து முத்திரை ஒட்ட வேண்டும். ஏழாவது வரி என்னவோ காரணத்தால் காலியாக அச்சாகியிருந்தது.

“ஏழாவது சும்மாத்தான மேடம் கீது, அதுல எழுதிடலாம்” என்றேன். ஆமாம் நான்தான் சொன்னேன். மேடம் எழுதிக்கொண்டார்: அணியில் சிறியவர் தனியாக மேசைக்கு வந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். மற்றவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு வெளியே. கயிற்றுக்கு வெளியிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் அணி வெளியே.

“ஒண்ணு மட்டும் கவனிங்க சார்” என்றார். “பிள்ளை திரும்பித் திரும்பிப் பாத்தா, பின்னால இன்னொரு கை இருக்கு.”

அதை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன். அடுத்து வந்த வருடங்களில் எத்தனையோ அப்பாக்களையும், மாமாக்களையும், ஒரு முறை பள்ளிக்கே பாகங்கள் விற்ற கடைக்காரரையும் இந்த ஒரு சக்கரத்தை வைத்தே பிடித்தோம். பிள்ளையின் கழுத்து திரும்பும் தினுசைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று மற்றவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டும் இருந்தேன்.

பேட்டரியிலும் ஒரு வேடிக்கை நடந்தது. உப்பிப்போன லித்தியம் பேட்டரி ஒன்றைக் கறுப்பு டேப்பால் இறுக்கிச் சுற்றிக்கொண்டுவந்தார் ஒரு ஆசிரியர், வீக்கம் தெரியாமல் இருக்க. தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. எடுத்துக்கொண்டு போய் வராந்தாவில் இருந்த மணல் வாளியில் புதைத்துவிட்டு வந்தேன். “காலைலேர்ந்து ஓடிக்கினுதான சார் கீது, இன்னா ஆயிட்சு இப்ப?” என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். அது கடைசிவரை வெடிக்கவில்லை. வெடிக்காத பேட்டரிக்காக யாரும் நன்றி சொல்வதில்லை.

இனிச் சொல்லப்போவது ஒரே ஒரு நாளைப் பற்றி.

என் பணியின் கடைசி வருடம். கல்யாண மாதம் என்பதால் போளூரில் மண்டபம் கிடைக்கவில்லை. அதனால் முதல் முறையாகப் போட்டி மலைமேல் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. எனக்கு வசதிதான், வேலை பார்க்கும் ஊர். கீழே இருந்து வேனில் வந்த பிள்ளைகளுக்குத்தான் பாடு. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து இறங்கின. ஷாஹிதா மேடம் பார்த்துவிட்டு, “இவங்க ஒரு மணி நேரம் உக்காரட்டும். தெம்பா இருக்குற பிள்ளைங்கள மொதல்ல பாப்போம்” என்றார். நியாயமான பேச்சு. தெம்பாக இருந்தது மலைப்பள்ளி அணி ஒன்றுதான். நாலு பெண் பிள்ளைகள். அவர்களே முதலில் மேசைக்கு வந்தார்கள்.

பெயர் அட்டைமேல் டேப் ஒட்டியிருந்தது. என்ன பயன்? கூட வந்த கணக்கு ஆசிரியர் தாமோதரனை எனக்குத் தெரியும். ஆலங்காயத்துக்காரர், மலையில் வேலை. என் பட்டறையிலிருந்து சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கிப்போனவர். மலைமேல் வேலை பார்ப்பவன் மலைப்பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவரைப் பார்த்த நொடியில் நினைத்தேன். சின்னவர்களுக்கு அப்போது இரண்டு மேசை போட்டிருந்தோம், தெரிந்த அணி, மேசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னால் நடுநிலையாக இருக்க முடியும் என்ற திமிர்.

மாநிலப் போட்டிக்கு இந்த வட்டாரத்திலிருந்து இரண்டு அணிகள் போகலாம். மலைப்பள்ளி ஒன்று களத்தில் இறங்குவதே அதுதான் முதல் தடவை. அந்த அணியில் மூன்று பேர் எட்டாம் வகுப்பு. அடுத்த வருடம் அவர்கள் பெரியவர்களின் பிரிவுக்குப் போய்விடுவார்கள், அந்தப் பிரிவுக்கு வண்டி செய்யும் வசதி அவர்கள் பள்ளியில் இல்லை. அதனால் அவர்களுக்கு இந்த ஒரு வருடம்தான். இதுவும் எனக்குத் தெரியும். தாமோதரன் முன்பே சொல்லியிருந்தார்.

நாலாவது பெண் காவ்யா. ஆறாம் வகுப்பு. பார்த்தால் நாலாம் வகுப்பு என்றுதான் சொல்வோம். அவள் மட்டும் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்தாள். கயிற்றுக்கு வெளியே ரிமோட்டோடு அணித் தலைவி நந்தினி.

“நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு கண்ணு. வேற எதுவும் பேச வேண்டாம்” என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான்.

ஐந்து வரிகள் முடிந்தன. ஆறாவது வரிக்கு நந்தினி ரிமோட்டை அழுத்தினாள், வண்டி மேசைமேல் ஓடியது, விட்டதும் நின்றது. வண்டி சுத்தமான வேலை. முன்னால் பந்தை வாரும் உருளை, அதற்குப் பக்கத்திலேயே பல்சக்கரங்கள்.

“இப்ப இந்தச் சக்கரத்தக் கழட்டி மாட்டு.”

காவ்யா வண்டியைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். திரும்பி வெளியே பார்த்தாள்.

“கழட்டும்மா.”

மறுபடி திரும்பிப் பார்த்தாள். நந்தினி வாயை இறுக்கமாக மூடிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தாமோதரன்.

“கழட்டத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பக் கழட்டு.”

மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தாள். கை முன்னால் வரவே இல்லை.

இதே இடத்தில் வேறொரு பிள்ளை இப்படி நின்றிருந்தால் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருப்பேன், பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை கேட்டிருப்பேன். மேடம் பழக்கிய முறை அது. அன்று செய்யவில்லை. ‘தகுதி இல்லை, காட்சி ஓட்டம் மட்டும்’ என்று எழுதினேன். மற்ற மேசையிலிருந்து மேடம் கையெழுத்துப் போட வந்தார்.

“உறுதியா சார்?”

“உறுதி மேடம். மூணு தடவ திரும்பிப் பாத்துச்சு.”

என் வார்த்தையை நம்பிப் போட்டுவிட்டார். தாமோதரன் சண்டைக்காரர் இல்லை. கயிற்றோரம் வந்து, “சார், அந்தச் சக்கரத்த மாட்டுனதே அவதான் சார்” என்றார்.

“எல்லாரும் இதத்தான் சொல்றாங்க சார்” என்றேன். அந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

போட்டி நடந்தது. மதியத்துக்குமேல் இறுதி ஆட்டமும் முடிந்து, மலைக்குக் கீழே இருந்து வந்த பள்ளிகள் இரண்டு தேர்வாயின. பரிசளிப்புக்கு முன்னால் காட்சி ஓட்டம். கூடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டிருந்தார்கள். நான் களத்தின் ஓரம் நின்றுகொண்டிருந்தேன்.

மலைப்பள்ளி வண்டி நன்றாகவே ஓடியது. ஏழெட்டுப் பந்து எடுத்ததும் இடது சக்கரம் ஆட்டம் கண்டது. நடுவர் கொடி காட்டி, சரிசெய்துகொள்ள நேரம் கொடுத்தார். காவ்யா களத்துக்குள் ஓடி வண்டிக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால். திரும்பி நந்தினியைப் பார்த்தாள். காலையில் பார்த்த அதே பார்வை.

“எடுத்தாச்சா?” என்று சத்தமாகக் கேட்டாள்.

நந்தினி ஓடி வந்து வண்டியின் பின்பக்கத்திலிருந்து பேட்டரியை உருவித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். “எடுத்தாச்சு! கையில கீது!”

அப்புறம்தான் காவ்யாவின் கை முன்னால் வந்தது. சக்கரத்தைக் கழற்றினாள், வாஷரை மாற்றினாள், மாட்டினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. கையை மறுபடி பின்னால் கொண்டுபோய், “போடு” என்றாள். நந்தினி பேட்டரியைச் சொருகினாள்.

நான் தாமோதரனிடம் போனேன். “இன்னா சார் இது?” என்று கேட்டேன்.

“புளி உலுக்குற பழக்கம் சார்” என்றார். மரத்துமேல் கிளையில் நிற்கிறவர் உலுக்குவதற்கு முன் “அடியில ஆளு கீதா?” என்று கேட்பார். கீழே இருந்து “இல்ல, உலுக்கு” என்று பதில் வந்தால்தான் உலுக்குவார். பதில் வராவிட்டால் எவ்வளவு நேரமானாலும் சும்மா நிற்பார். மலையில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். “போன வருஷம் ஸ்கூல்ல நந்தினி சக்கரம் மாட்டிக்கினு இருக்கசொல்ல, ஒருத்தி தெரியாம ரிமோட்ட அமுக்கிட்டா. வெரலு பல்சக்கரத்துல மாட்டி நகம் போயிடுச்சு. அன்னைலேர்ந்து அதுங்களே இப்பிடி வச்சிக்கிச்சிங்க. நான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல சார்.”

“காலைல ஏன் சொல்லல?”

“கயித்துக்கு வெளிய வாயத் தொறந்தா டீம் அவுட்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னு அதாண்டயும் சொன்னீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. ஷாஹிதா மேடத்தைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் காலி படிவம் ஒன்றை எடுத்து முதல் வரியிலிருந்து மெல்லிய குரலில் வாசித்தார். ஆறாவது வரியில் வண்டி ஓடுகிறது. ஏழாவதில் பிள்ளை கை வைக்கிறது. ஒன்பதாவதில் பேட்டரியை எடுக்கிறோம். வாசிப்பதை நிறுத்தினார்.

“சார், இத்தன வருஷமா பேட்டரி வண்டியில இருக்கும்போதே பிள்ளைங்கள கை வைக்கச் சொல்லியிருக்கோம். ரிமோட் வெளிய ஒரு பிள்ளை கையில.”

முப்பது வருடம் மெயினை அணை என்று கத்தியவன் நான். ஒவ்வொரு வருடமும் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளை உயிரோடு இருக்கும் பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரலை வை என்று சொல்லியிருக்கிறேன். காலியாக இருந்த வரியில் எழுதினோமே தவிர, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாதது எங்கள் சாமர்த்தியம் இல்லை. சொன்னதைச் செய்ய மறுத்த ஒரே பிள்ளையை நான் வெளியே தள்ளியிருக்கிறேன்.

மேடம் பரிசளிப்பை நிறுத்தினார். எல்லாப் பயிற்சியாளர்களையும் கூப்பிட்டு, தப்பு எங்கள் மேசையுடையது என்று பூசிமெழுகாமல் சொன்னார். மலைப்பள்ளியைத் தேர்வான இரண்டு அணிகளோடும் ஒரு ஆட்டம் ஆடவிடலாமா என்று கேட்டார். தேர்வான ஒரு அணியின் பயிற்சியாளர் எழுந்தார்.

“எங்க பிள்ளைங்க இன்னா தப்பு பண்ணுச்சிங்க மேடம்? வண்டியப் பிரிச்சு மூட்ட கட்டியாச்சு. பேட்டரியும் தீந்துபோச்சு. ஜெயிச்சதுங்கள மறுபடி எறங்குன்னா இன்னா நியாயம்?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. முதல் ஆட்டம் தொடங்கிவிட்டால் பரிசோதனை முடிவை மாற்ற முடியாது என்று விதியும் இருந்தது. மேடம் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு, “சரி, அவங்க ஜெயிச்சது ஜெயிச்சதுதான்” என்றார். மலைப்பள்ளிக்காக மாநில அமைப்பாளர்களுக்கு மூன்றாவது இடம் கேட்டு அங்கேயே கடிதம் எழுதினார். என் தப்பை என் பெயரோடு அதில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்து, இடமில்லை, பாராட்டுச் சான்றிதழ் தருகிறோம் என்று பதில் வந்தது.

அன்றைக்கு அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் வேலை. கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் நாலு பேரும் வண்டியை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கே முக்காலி இல்லை, கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். தப்பு என்னுடையது, நீங்கள் செய்ததுதான் சரி, ஆனாலும் உங்களை மாநிலத்துக்கு அனுப்ப முடியுமா என்று தெரியவில்லை என்று சொன்னேன். காவ்யா என்னைப் பார்க்கவில்லை. நந்தினிதான் பேசினாள்.

“எங்களுக்கு அப்பால வந்ததுங்கள்லாம் பேட்டரி எடுக்காமலா சார் கைய வச்சிதுங்க?”

“ஆமா.”

“ஒண்ணும் ஆவலியே?”

“ஆவல.”

“அதுங்களுக்கு எல்லாம் சரின்னு போட்டீங்க. எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு சார் தப்புன்னு போட்டீங்க?”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. கணக்கில் ஒரு படி புரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். “தப்புதாம்மா” என்று மறுபடியும் சொன்னேன், அது அவள் கேட்டதற்குப் பதில் ஆகாது என்று தெரிந்தே. நந்தினி மாநிலப் போட்டியைப் பார்க்கவே இல்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாள், அவளுக்கும் ரோபோவுக்கும் அதோடு முடிந்தது என்று தாமோதரன் சொன்னார்.

மேடம் அந்த வாரமே படிவத்தை மாற்றி எழுதினார். வண்டி நின்றதும் அடுத்த வேலை பேட்டரியை எடுப்பது. எடுத்ததைப் பரிசோதகர் தன் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளை தயங்கினால் முடிவு எழுதுவதற்கு முன், ஏன் தயங்குகிறாய் என்று கேட்டாக வேண்டும். பதில் சொல்ல இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மேலே இருப்பவர்கள் இதைப் படிப்பதாக இருந்தால் அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வீடியோவில் வண்டி தெரியும், பிள்ளை எதற்காகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது என்பது தெரியாது. அன்றைக்கு என் எதிரில், ஒரு முழ தூரத்தில் நின்றபோதே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டிருந்தேன், ஆனாலும் மேசைக்கு வரச்சொன்னார் மேடம். போட்டி மறுபடி போளூரில். ஏழாம் வகுப்பு காவ்யா புதிதாக மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அணியில் இப்போதும் அவள்தான் சின்னவள். தெரிந்த அணி, மேசையை மாற்றுங்கள் என்று இந்த முறை நான் கேட்டேன். அவளே என் மேசைக்கு வருவதாகச் சொன்னாளாம். ஏன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறாவது வரி முடிந்தது. நான் பேட்டரியை எடுத்துப் பக்கத்தில் அட்டைக்குமேல் வைத்துவிட்டு, “இந்தச் சக்கரத்தக் கழட்டும்மா” என்றேன்.

காவ்யாவின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

“எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சும்மா.”

கை வரவில்லை.

“காட்டுங்க சார்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நான் பேட்டரியை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அவள் அதைப் பார்த்தாள், குனிந்து வண்டியில் தொங்கிக்கொண்டிருந்த ஒயரின் வெறும் முனையையும் பார்த்தாள், அதற்குப் பிறகுதான் ஸ்பானரை எடுத்தாள். அவள் அதைக் கீழே வைக்கும்வரை நான் கையை இறக்கவில்லை.